பில்சென் போகிறீர்களா? காலையில் வெற்றிலை வேண்டாம்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ப்ராக் நகரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க மே மாதம் மனைவியுடன் போகிறேன். பில்சென் ஊரின் பழைய பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் போடுகிறேன் என்கிறான். நான் எப்போதாவது டாஸ்மாக் பீர் குடிப்பவன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவி தொடவே மாட்டாள். அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? ருசி பார்ப்பது என்றால் எப்படி?"

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் 'கிக்' எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அந்த ஆலையின் பீரான பில்ஸ்னர் உர்க்வெல்லில் ஆல்கஹால் 4.4 சதவீதம். நம் கடையில் 'ஸ்ட்ராங்' என்று கேட்டு வாங்குவது 8 வரைகூடப் போகும்.

1838-இல் அந்த ஊரில் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னால் தெருவிலேயே கொட்டினார்கள். பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து புது ஆலை கட்டி, ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் காய்ச்சியதுதான் அந்தப் பொன்னிற பீர். பாட்டில்களில் 'பில்ஸ்னர்' என்று போட்டிருப்பதெல்லாம் இந்த ஊரின் பெயர்தான்.

சுற்றுலா ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பாட்டில் நிரப்பும் கூடம் எந்தத் தொழிற்சாலையிலும் பார்க்கக்கூடியதுதான், அங்கே கால் வலிக்க நிற்காதீர்கள். செம்பு அண்டாக்கள் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பக் கலக்கிறார்கள், அதுவும் மூன்று தடவை. நிறமும் கனமும் வருவது அதில்தான்.

இங்கே உங்கள் மனைவிக்குத்தான் உங்களைவிட அதிகம் புரியும். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து மாவாக்குகிறோமே, மால்ட் என்பது பார்லியில் அதே வேலை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவைக் கசக்கி முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வேப்பம்பூ ரசம் வைத்தவர் கசப்பும் மணமும் எப்படிச் சேரும் என்பதை உடனே பிடித்துக்கொள்வார். பில்சென் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால்தான் இந்தக் கசப்பு நாக்கைக் கிள்ளாது. போர் தண்ணீரில் காபி போட்டுக் குடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நிலவறை. இதற்காகத்தான் டிக்கெட். பூமிக்கடியில் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதைகள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் 'லாகர்' எனப்படும் இந்த ரக பீருக்கு வாரக்கணக்கில் குளிர் வேண்டியிருந்தது, தோண்டினார்கள். இட்லி மாவு நம் வெயிலில் ஒரே ராத்திரியில் பொங்கிவிடும். இந்த ஈஸ்ட்டோ குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும் ரகம். (அதே 1842-இல்தான் நம் மெரினா கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்க ஏரிப் பனிக்கட்டி கப்பலில் வந்து இறங்கிய காலம்.) மே மாதத்திலும் உள்ளே 10 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும், ஸ்வெட்டர் அவசியம். தரை ஈரமாக இருக்கும், செருப்பு வேண்டாம்.

ஆலையின் பெரும்பகுதி எஃகுத் தொட்டிக்கு மாறிவிட்டது. கொஞ்சம் பீரை மட்டும் இன்னும் ஓக் மரப் பீப்பாயில் ஊறவைக்கிறார்கள். அங்கேயே பீப்பாயிலிருந்து பிடித்துத் தருவார்கள். வடிகட்டாதது, அதனால் கலங்கலாக இருக்கும். கெட்டுப்போனதோ என்று நினைக்காதீர்கள்.

உடனே வாயில் வைக்காதீர்கள். முதலில் முகருங்கள். புது ரொட்டி வாசனையும், கவனித்தால் மெல்லிய வெண்ணெய் வாசனையும் வரும். வேறு பீரில் அந்த வெண்ணெயைக் குறை என்பார்கள், இங்கே அதுதான் அடையாளம். பிறகு ஒரு வாய். ஒயின் சோதிப்பவர்களைப் போலத் துப்ப வேண்டாம், விழுங்கிய பிறகுதான் கசப்பு முழுதாகத் தெரியும். நுரையையும் ஒதுக்காதீர்கள். நாம் கிளாஸைச் சாய்த்து நுரையில்லாமல் ஊற்றப் பழகியவர்கள். அங்கே கெட்டியான நுரைதான் பீரைக் காற்றிலிருந்து காக்கும் மூடி. மேலே வந்ததும் ஆலை உணவகத்தில் வடிகட்டிய அதே பீரைச் சின்ன கிளாஸில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் நாக்கில் தெரியும்.

அன்று காலை வெற்றிலை, தைலம், சென்ட் எதுவும் வேண்டாம். ஒருமுறை நான் பீடா போட்டுக்கொண்டு ஒரு சோதனைக் கூடத்துக்குள் நுழைந்து, எட்டுக் கிளாஸிலும் ஏலக்காய் வாசனை என்று எழுதிக் கொடுத்தேன்.

சர்க்கரை மாத்திரை பற்றிக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். சில மாத்திரைகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வெறும் வயிற்றோடு போகவே கூடாது. சைவமென்றால் 'ஸ்மஜெனீ சீர்' கேளுங்கள், சீஸைப் பொரித்துத் தருவார்கள். மனைவிக்கு ஆல்கஹால் இல்லாத பானம் உண்டா என்று மகனை டிக்கெட் போடும்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

மகன் காரில் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செக் நாட்டில் வண்டி ஓட்டுபவர் ஒரு வாய்கூடக் குடித்திருக்கக் கூடாது. ப்ராக்கிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து ஆலை நடக்கும் தூரம்தான்.

பாட்டில் வாங்கி வர ஆசையென்றால், சுங்க வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் கொண்டு வரலாம். அரை லிட்டர் பாட்டில் நான்கு. மனைவி தொடாவிட்டாலும் அவர் கணக்கில் இன்னொரு நான்கு உண்டு, நயமாகக் கேட்டுப் பாருங்கள்.