வலிக்காரர்களின் குழு – ஒரு கடிதம்

வணக்கம்.

எனக்கு நாலு வருடமாக முடக்குவாதம். இதே நோய் உள்ளவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் இருக்கிறேன். எல்லாரும் முகம் தெரியாதவர்கள். ஆனால் வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அங்கேதான் சொல்கிறேன். “அடுத்தவர் வலியைப் படித்துப் படித்தே உன் வலி கூடுகிறது, வெளியே வா” என்கிறார் கணவர். போன வாரம் ஒருவர், நாங்கள் இந்த நோய்க்குச் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றாக இருப்பதாக எழுதினார். எனக்கும் நிறுத்திப் பார்க்கலாமா என்று ஓர் ஆசை வந்தது, அப்புறம் பயம். விலகிவிடவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆசை வந்ததை உங்கள் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்த நண்பர் அதை எழுதியது நிறுத்திய எத்தனையாவது வாரத்தில்? இந்த மருந்து பிடிக்கவும் வாரக்கணக்காகும், விட்டுப்போகவும் நாளாகும். மூட்டு மறுபடி வீங்கினால் அவர் வந்து எழுதுவாரா? பெரும்பாலும் எழுதமாட்டார்கள். வெட்கமாக இருக்கும், பாவம்.

எனக்குப் பதினோரு வருடமாகப் பெருங்குடல் அழற்சி. எந்த நேரத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும் என்று தெரியாது. மருந்து, அளவு, பரிசோதனை எல்லாம் மருத்துவர் சொன்னார். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தை எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. குழுவில்தான் ஒரு பெண்மணி சொன்னார்: நடைபாதை ஓர இருக்கை, மடியில் சின்னப் பை, அதில் ஒரு மாற்றுடை, ஏறியதும் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை. அந்த ‘ஒரு வார்த்தை’ என்ன என்பதையும் எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உங்கள் குழுவிலும் காலை விறைப்பில் சட்டைப் பொத்தான் போடுவது எப்படி, புட்டி மூடியை விரல் நோகாமல் திறப்பது எப்படி என்று பேசிக்கொள்வீர்கள் அல்லவா? அதை அங்கேதான் கற்க முடியும்.

மருந்து விஷயத்தில் குழு பயன்படவே படாது என்றும் சொல்லமாட்டேன். ஏஎல்எஸ் என்று ஒரு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். 2008இல் இத்தாலியில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று, லித்தியம் என்ற மருந்து அதன் வேகத்தைக் குறைக்கிறது என்றது. பேஷண்ட்ஸ்லைக்மி என்ற இணையக் குழுமத்தில் இருந்த நோயாளிகள் பலர், மருத்துவரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதோடு விடாமல் அளவையும் உடல்நிலையையும் தேதிவாரியாகப் பதிந்தார்கள். அப்படி 149 பேரின் பதிவுகளை, சாப்பிடாத அதே நிலை நோயாளிகளுடன் ஒப்பிட்டார்கள். பலன் இல்லை. 2011இல் அதுவே ஆய்வுக்கட்டுரையாக வந்தது. பின்னர் நடந்த முறையான சோதனைகளும் அதையே சொல்லின. தங்களைக் காப்பாற்றும் என்று நம்பிய மருந்து கைவிட்டதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ செய்கிறது.

உங்கள் குழுவையும் இதை வைத்துத்தான் பார்ப்பேன். “எனக்கு இந்த மருந்து கேட்கவில்லை” என்று ஒருவர் எழுதினால் என்ன நடக்கிறது? நாலு பேர் விசாரிக்கிறார்களா, அல்லது நம்பிக்கை போதவில்லை என்று அவரையே குறை சொல்கிறார்களா? இரண்டாவது என்றால் விலகிவிடுங்கள். நோயைத் தீர்க்கும் என்று பொடி விற்க வருகிறவர்களை நிர்வாகி வெளியேற்றாவிட்டாலும் அப்படியே.

கணவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வலி கூடிய நாட்களில் குழுவை ஒலியடக்கி வைத்துவிடுவேன். யாரும் தவறாக நினைத்ததில்லை. அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சரி, ஒரு வேலை. ஒரு மாதம் கழித்து அந்த நண்பரிடம் “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். தனியாக அல்ல, குழுவிலேயே. கிண்டல் தொனி மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.