பவரைக் கேட்கும் முன் பம்பைக் கேளுங்கள்: டீசல் பிக்கப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அடுத்த வருஷம் எந்த டீசல் இன்ஜின் வருகிறது? எல்லாமே முக்கால் டன், ஒரு டன் என்ற பழைய வகைப் பெயரில் அழைக்கப்படும் அமெரிக்கப் பெரிய பிக்கப் வண்டிகளைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ராம் 3500-இல் 6.7 போய் 7.2 லிட்டர் கம்மின்ஸ் வருகிறதாமே? முன்பணம் கட்டி வைத்தால் முதல் வண்டி எனக்கு என்கிறார் விற்பனையாளர். கட்டலாமா? (டல்லாஸ்)

கட்டாதீர்கள். எழுத்தில் மாடல் வருஷமும் இன்ஜின் பெயரும் இல்லாத எதற்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

7.2 என்பது கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். பி7.2 என்ற இன்ஜினை, ராமுக்கு டீசல் இன்ஜின் கொடுக்கும் கம்மின்ஸ் கம்பெனியே அறிவித்திருக்கிறது. ஆனால் அறிவித்தது நடுத்தர லாரிகளுக்கு, அதுவும் 2027 மாசு விதிகளை மனதில் வைத்து. அதை ஒருவர் பிக்கப்போடு முடிச்சுப் போட்டார், அடுத்தவர் தேதி சேர்த்தார், மூன்றாமவர் 500 குதிரைசக்தி சேர்த்தார். பி-சீரிஸ் ஒரே குடும்பம்தான், ஆனால் லாரிக்குப் போவதும் பிக்கப்புக்குப் போவதும் வேறு வேறு அமைப்பு. லாரியில் 200, 300 குதிரைசக்திக்குள் நாள் முழுக்க ஓடும் அதே 6.7, ராமில் 430-ஐத் தொடுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 மாடலுக்குத்தான் அந்த 6.7-ஐ நிறைய மாற்றினார்கள். டார்க், அதாவது சுழற்றும் விசை, 1,075 பவுண்டு-அடி. பின்னால் புது 8 கியர் பெட்டி, பழைய 6 கியர் பெட்டிகள் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ராமுக்கு 6.7 கொடுக்கும் ஒப்பந்தமும் 2030 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு செலவழித்தவர்கள் ஓரிரு வருஷத்தில் அதைத் தூக்கிப் போடுவார்கள் என்பது என் கணக்குக்கு ஒத்து வரவில்லை. அப்படியே 7.2 வந்தாலும் என் பழைய எச்சரிக்கைதான்: புது இன்ஜினின் முதல் வருஷத்தை அடுத்தவர் ஓட்டட்டும்.

6.7 கம்மின்ஸில் ஹீட்டர் போல்ட் உடைந்து உள்ளே விழும் என்பது உண்மையா, அதுவும் வதந்தியா? என்னுடையது 2016. (டாம்பா)

உண்மை. குளிரில் ஸ்டார்ட் ஆக, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் இணைப்பு போல்ட் வருஷக்கணக்கில் சூடாகி அரித்துத் தளர்கிறது. உடைந்தால் நேராக சிலிண்டருக்குள் போய் விழும். 2025-இல் அந்த ஹீட்டரையே எடுத்துவிட்டு, சிலிண்டரையே சூடாக்கும் குளோ பிளக் போட்டுவிட்டார்கள். உங்கள் வண்டியில் இந்தக் குளிர்காலம் வருவதற்குள் அதைக் கழற்றிப் பாருங்கள்.

அடுத்த டியூராமேக்ஸ் 7 லிட்டராம். அதுவும் அலிசன் இன்ஜினா? (ஊர் எழுதவில்லை)

அலிசன் கியர்பாக்ஸின் பெயர். டியூராமேக்ஸ்தான் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பிக்கப்பின் டீசல் இன்ஜின். ஒன்றரை லட்சம் மைல் ஓட்டப் போகிற வண்டியைப் பற்றிக் கேட்கும்போது இதையாவது தெரிந்துகொண்டு கேளுங்கள். இந்தக் குழப்பத்தோடு கடைக்குப் போனால் எதை வேண்டுமானாலும் உங்கள் தலையில் கட்டலாம்.

இப்போதைய 6.6 லிட்டர் டியூராமேக்ஸான எல்5பி 2017-இல் 445 குதிரைசக்தியோடு வந்தது. 2024-இல் 470, டார்க் 975 ஆனது. லிட்டர் கூடாமலே வந்த முன்னேற்றம் இது. 7 லிட்டர் பற்றி கம்பெனி சொன்ன பிறகு எழுதுங்கள்.

புதிதாக வரும் இன்ஜின்களில் இன்னும் உயர் அழுத்த பம்ப் என்கிறார்கள். சிபி4 பம்ப் விவகாரமெல்லாம் பழைய கதைதானே, இன்னும் பயப்பட வேண்டுமா? (சான் அன்டோனியோ)

"பழைய கதைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜினுக்கு அனுப்புவது இந்த பம்ப். சிபி4 வகையில் பிக்கப்புகளுக்கு வந்த சிபி4.2-இல் இரண்டு பிஸ்டன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறிய உருளை, அது சுழலும் கேம் மேல் உருண்டபடி பிஸ்டனைத் தள்ளும். உருளை நேராக நிற்கும்வரை எல்லாம் சரி. அதைத் தாங்கும் டாப்பெட் கொஞ்சம் திரும்பிக்கொண்டால் உருள்வது நின்று உரசல் ஆரம்பிக்கும். 2,000 பார் அழுத்தத்தில் இரும்பு இரும்பை உரசினால் தூள்தான். அந்தத் தூள் டீசலோடு, அதை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் ரெயில் என்ற குழாய்க்குப் போகும், அங்கிருந்து சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு, மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கு. ஒரு பம்ப் கெட்டால் எரிபொருள் போகும் பாதை முழுவதும் கெடுகிறது. முந்தைய சிபி3-க்கு மூன்று பிஸ்டன், அமைப்பே வேறு. அது தேயும், அழுத்தம் குறையும், ஆனால் போகும்போது மொத்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போவது அபூர்வம்.

இந்த பம்புக்கு வழவழப்பு தருவது டீசல் மட்டும்தான், தனி எண்ணெய் கிடையாது. 2006-இல் அமெரிக்க டீசலில் கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 15 பங்குக்கு, குறைத்தார்கள். காற்றுக்கு நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கந்தகத்தை எடுக்கும் முறையிலேயே இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது. மருந்து கலந்துதான் அதைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். தேய்மானச் சோதனையில் விழும் தழும்பு ஐரோப்பாவில் 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது, அமெரிக்காவில் 520 வரை அனுமதி. இந்த வித்தியாசத்தோடு அந்த பம்பை இங்கே கொண்டு வந்தார்கள். 2011-இல் ஜிஎம்மும் ஃபோர்டும் போட்டன. ஜிஎம் 2017-இல் வேறு பம்புக்குப் போய்விட்டது. இவ்வளவையும் பார்த்த பிறகும் 2019-இல் ராம் அதே பம்பைப் போட்டது. இரண்டே வருஷத்தில் சிபி3-க்குத் திரும்பி, ஏறக்குறைய 2.2 லட்சம் வண்டிகளை ரீகால் செய்தது. அந்த 2019 வண்டியை வாங்கியவர்கள் குதிரைசக்தி எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள், டார்க் ஆயிரத்தைத் தொட்டதா என்று கேட்டிருப்பார்கள். பம்ப் எது என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். குதிரை ட்ரெய்லர் இழுக்கிறவர், 70,000 மைல் சொச்சம்தான் ஓடியிருந்தது. நெடுஞ்சாலையில் நின்றது, பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. பம்ப் மேலே இருக்கும் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றினேன். அதன் முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வலை இருக்கும். வெள்ளைத் துணியில் தட்டினால் வெள்ளித் தூள். விரலில் எடுத்துத் தேய்த்தேன், ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சோப்பு போட்டும் போகவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பம்ப், ரெயில், இன்ஜெக்டர்கள், குழாய்கள், டேங்க் சுத்தம் என்று 11,000 டாலர் வந்தது. வாரன்டி இருந்தது. ஆனால் டீசலில் கலப்படம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள், எந்த பங்கில் போட்டாய், ரசீது காட்டு என்றார்கள். இரண்டு வருஷ ரசீதை எந்த மனிதன் வைத்திருப்பான்? அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் எந்தப் புது இன்ஜின் பேச்சு வந்தாலும் முதல் கேள்வி: உயர் அழுத்த பம்ப் எது? இரண்டாவது: டேங்கிலிருந்து அதற்கு டீசலைத் தள்ளிக் கொடுக்க தனி லிஃப்ட் பம்ப் உண்டா? 2011 முதல் 2016 வரை வந்த டியூராமேக்ஸில் அது கிடையாது, பெரிய பம்பே உறிஞ்சிக் குடிக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத வதந்தியைப் படிப்பதே நேர விரயம்.

ஏற்கெனவே சிபி4 வண்டி வைத்திருப்பவர்களுக்கு: எரிபொருள் ஃபில்டரை கம்பெனி சொன்ன மைலுக்கு முன்பே மாற்றுங்கள், தண்ணீர் வடிகட்டியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து வெளியேற்றுங்கள், டீசல் போட்ட ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். "வீடு பக்கத்தில்தான்" என்று ஓட்டாதீர்கள். உடைந்தாலும் தூள் இன்ஜெக்டர் பக்கம் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கிட் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. போட்டுக்கொள்ளுங்கள்.

டொயோட்டா டண்ட்ராவில் டீசல் எப்போது? (ஃபீனிக்ஸ்)

2007 சீமா கண்காட்சியில் ஹினோவின் 8 லிட்டர் டீசலை வைத்து ஒரு டண்ட்ராவைக் காட்டினார்கள். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. வண்டி வரவில்லை. காத்திருக்காதீர்கள்.

2027 விதியால் டீசல் பிக்கப்பே நின்றுவிடும், அதற்குள் ஒன்று வாங்கி எல்லா ஃபில்டரையும் டிலீட் செய்துவிடு என்கிறான் நண்பன். (அட்லாண்டா)

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். 2022 கடைசியில் வந்த விதி பெரிய லாரி இன்ஜின்களுக்கானது. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு ஒரு குதிரைசக்தி-மணிக்கு 0.20 கிராமிலிருந்து 0.035-க்கு இறங்குகிறது, அதாவது 80 சதவீதத்துக்கு மேல் வெட்டு. முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளில் பெரும்பாலானவை இன்ஜின் தனியாக இல்லாமல் முழு வண்டியாகவே சோதிக்கப்படுகின்றன, அவற்றுக்கு 2024 மார்ச்சில் தனி விதி வந்தது. இரண்டையும் மறுபடி ஆராயப் போவதாக 2025-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையான இபிஏ அறிவித்தது. லாரி விதியை எடுத்து பிக்கப்புக்கு ஒட்டியதில்தான் உங்கள் நண்பரின் பாதி பயம் பிறந்திருக்கிறது. புகையைச் சுத்தமாக்கும் யூரியா திரவத்தின் சென்சார் கெட்டால் வண்டி ஆமை வேகத்துக்கு இறங்குமே, அதையும் தளர்த்தச் சொல்லி 2025 ஆகஸ்டில் இபிஏவின் வழிகாட்டுதல் வந்துவிட்டது.

டிலீட், அதாவது புகையைச் சுத்தமாக்கும் சாதனங்களைக் கழற்றி எறிவது, செய்யவே கூடாது. சுத்தக் காற்றுச் சட்டம் தடுக்கிறது. கம்பெனியையே விடவில்லை: மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் விவகாரத்தில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது, அந்தச் சட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய தொகை. தவிர, டிலீட் செய்த வண்டியின் பின்னால் நிற்கிற குழந்தை அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது. என்னிடம் வழி கேட்டு எழுத வேண்டாம்.

நிசான் டைட்டன் எக்ஸ்டியில் 5.0 கம்மின்ஸ், மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (டென்வர்)

வேண்டாம். வருஷக்கணக்கில் வதந்தியாக இருந்து, உண்மையாகவே 2016-இல் வந்து, 2019-ஓடு நின்ற இன்ஜின். கம்மின்ஸ் என்ற பெயர் இருப்பதால் ராமின் 6.7 போல எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இது வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர். அது வரிசையாக ஆறு சிலிண்டர். இன்னும் 10 வருஷம் கழித்து இதன் பாகங்களுக்கு எங்கே அலைவீர்கள்?

வதந்தி உண்மையானால் மட்டும் போதாது, நிலைக்கவும் வேண்டும். ஜிஎம்மின் 4.5 லிட்டர் டியூராமேக்ஸ் வதந்திகூட இல்லை, கம்பெனியே அறிவித்தது. 2009-இல் பணக் கஷ்டம் வந்ததும் கிடப்பில் போட்டார்கள்.

தினமும் ஆபீஸுக்கு 6 மைல். வருஷத்தில் இரண்டு முறை படகு இழுப்பேன். ஃபோர்டின் 500 குதிரைசக்தி டீசலா, இல்லை அடுத்த டீசல் வரும்வரை பொறுக்கலாமா? (சார்லட்)

பெட்ரோல் வாங்குங்கள். ஃபோர்டின் 7.3 பெட்ரோல் வி8 உங்கள் படகுக்குத் தாராளம். 6 மைலில் டீசல் புகைவழி சூடே ஏறாது. பிடித்த கரியை எரிக்க வழியில்லாமல் புகைவழி ஃபில்டரான டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும், பிறகு டீசலே மோசம் என்று எனக்கு எழுதுவீர்கள். டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 10,000 டாலர் சொச்சத்தை இரண்டு படகுப் பயணத்தில் எப்படித் திரும்ப எடுப்பீர்கள்?

ஒரு வதந்தி உண்மையா என்று நாங்களே எப்படிச் சரிபார்ப்பது? (நியூ ஜெர்சி)

இந்த முறை வந்ததில் நல்ல கேள்வி. ஒவ்வொரு மாடல் வருஷத்துக்கும் கம்பெனி பொறிக்கும் சேஸிஸ் எண்ணின் எந்த எழுத்து எதைக் குறிக்கும் என்ற பட்டியலைக் கம்பெனிகள் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுக்க வேண்டும். வழக்கமாக எட்டாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். அந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கும். அதில் புது இன்ஜின் தெரிந்தால் விஷயம் இருக்கிறது. அப்புறம் இபிஏ, கலிபோர்னியா காற்று வாரியச் சான்றிதழ்கள். சான்று இல்லாத இன்ஜினை விற்கவே முடியாது. பெயருக்கு டிரேட்மார்க் வாங்கி வைப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள், பயன்படுத்தாமலே எத்தனையோ பெயர்களை வாங்கி வைப்பார்கள்.

அண்ணே, அந்த ராம் பிக்கப்பில் வந்த 5.9 கம்மின்ஸும் நம்ம டாடா லாரியில் வந்த கம்மின்ஸும் ஒன்றுதானா? பட்டறையில் பந்தயம் கட்டியிருக்கோம். (நாமக்கல்)

ஒரே குடும்பம்தான் தம்பி, பி-சீரிஸ் 5.9, ஆறு சிலிண்டர். 1989-இல் டாட்ஜ் ராமில் வந்தபோது 160 குதிரைசக்தி, 400 பவுண்டு-அடி டார்க். டாடாவுக்கு ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலையில் செய்தார்கள். பம்ப், டர்போ, டியூனிங் வேறுபடும், ஆகவே பாகத்தை அப்படியே மாற்றிப் போட முடியும் என்று பந்தயம் கட்டியிருந்தால் தோற்றீர்கள். குடும்பம் ஒன்று என்று கட்டியிருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.