வைகிகில பழைய பீச் ஹோட்டல் புக் பண்ணப் போறீங்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா, நாங்க டல்லாஸ்ல இருக்கோம். கல்யாணமாகி பத்து வருஷம் ஆகுதுன்னு மே மாசம் ஹவாய் போலாம்னு பிளான். அங்க ஹொனொலுலு ஊரோட பீச் ஏரியாவான வைகிகில தங்குனா அந்தக் காலத்து ஹோட்டல்லதான் தங்கணும்னு வீட்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வெள்ளையா ஒண்ணு, பிங்க்கா ஒண்ணு இருக்கே, அதுல எது? மொத்தம் 6 நைட். ரேட்டைப் பாத்தா தலை சுத்துது, அவ்ளோ காசு குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம். ஆனா 6 நைட்டுக்கும் குடுக்க வேணாம்.

முதல்ல எது எதுன்னு சொல்லிடறேன். வெள்ளையா இருக்கறது மோவானா சர்ஃப்ரைடர், 1901 மார்ச்ல திறந்தது, அப்ப 75 ரூம், ஒரு நைட்டுக்கு வாடகை ஒன்றரை டாலர் (பெருமூச்சு விட்டுக்கங்க). பிங்க் கலர் ராயல் ஹவாயன், 1927 பிப்ரவரில திறந்தது, மேட்சன் கப்பல் கம்பெனிக்காரங்க தங்களோட கப்பல்ல வர்ற பெரிய பெரிய பணக்காரங்களை தங்க வைக்கணும்னு கட்டுனது, 400 ரூம். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அதை அமெரிக்க நேவி எடுத்துக்கிட்டு சிப்பாய்ங்க ரெஸ்ட் எடுக்கற இடமா வச்சிருந்தாங்க. இன்னைக்கு ரெண்டையும் நடத்தறது மேரியட்ங்கற ஒரே ஹோட்டல் கம்பெனிதான்.

இப்ப முக்கியமான விஷயம். ஹோட்டல் பேரைப் பாத்து புக் பண்ணாதீங்க, எந்தக் கட்டடத்துல ரூம்னு பாத்து புக் பண்ணுங்க. மோவானால நடுவுல இருக்கற பான்யன் விங்தான் அந்த நூறு வருஷத்துக் கட்டடம், அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற டயமண்ட் விங்கும் டவர் விங்கும் 1950, 60கள்ல வந்தது. ராயல் ஹவாயன்லயும் அதே கதைதான், பிங்க் மாளிகை ஒண்ணு, பக்கத்துல மைலானி டவர்னு 1969ல வந்த அடுக்குமாடி ஒண்ணு. டவர்ல ரூம் போட்டா நல்ல ரூம்தான், பால்கனி இருக்கும், பெருசாவும் இருக்கும், ஆனா நீங்க கேக்கற அந்தப் பழைய காலத்து ஃபீல் அதுல இல்ல, ஊர்ல இருக்கற எந்த நல்ல ஹோட்டலும் அப்படித்தான் இருக்கும். அதனால ரூம் பேர்ல ஹிஸ்டாரிக்னோ பான்யன் விங்னோ இருக்கான்னு பாருங்க. அதே சமயம் பழைய ரூம்னா என்னன்னும் தெரிஞ்சுக்கங்க: ரூம் சின்னது, பெரும்பாலும் பால்கனி கிடையாது, ஜன்னல்தான். மோவானால முற்றத்தைப் பாத்த மாதிரி ரூம் கிடைச்சா சாயங்காலம் கீழ பார்ல பாடுற பாட்டு உங்க கட்டில் வரைக்கும் வரும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கறவங்க இருக்காங்க, எரிஞ்சு விழறவங்களும் இருக்காங்க, நீங்க எந்த ரகம்னு உங்களுக்குத்தான் தெரியும்.

என் கணக்கு இதுதான். முதல் 4 நைட் பீச்ல இருந்து ஒண்ணு ரெண்டு தெரு தள்ளி ஒரு சாதாரண ஹோட்டல், கடைசி 2 நைட் பழைய விங்ல கடலுக்கு நேரா ஒரு ரூம். பீச் எல்லாருக்கும் ஒரே பீச்தான். மோவானா முற்றத்துல 1904ல நட்ட ஆலமரம் இருக்கு, 1935ல இருந்து பல வருஷம் ஹவாய் ரேடியோ நிகழ்ச்சி ஒலிபரப்பானது அந்த மரத்தடியில இருந்துதான். அங்க ஒரு டிரிங்க் வாங்கிட்டு உக்காந்தா நீங்க எந்த ஹோட்டல்ல தங்கறீங்கன்னு யாரும் கேக்கப் போறதில்ல. ரோட்டுப் பக்கம் வாசல் திண்ணைல வரிசையா ஆடற மர நாற்காலி போட்டிருப்பாங்க, அதுல உக்காந்து கலாகவா அவென்யூல போற கூட்டத்தை வேடிக்கை பாக்கறதே ஒரு மணி நேரம் ஓடிடும்.

ரெண்டுல எதுன்னா எனக்கு வெள்ளைதான். பிங்க் போட்டோவுக்கு அருமை, குடைகூட பிங்க்லதான் இருக்கும், ஆனா பக்கத்துல ஷெரட்டன் ஹோட்டல் டவர் மலை மாதிரி எழும்பி நிக்குது, அண்ணாந்து பாத்தா மூட் போயிடுது.

கேள்வி: ஒரு சைட்ல ரூம் 400 டாலர்னு பாத்தேன், காசு கட்டற பக்கத்துக்குப் போனா 534 டாலர்! நடுவுல 134 எங்கிருந்து வந்துச்சு? ஏமாத்துறாங்களா?

பதில்: சட்டப்படிதான், ஆனா கடுப்பாத்தான் இருக்கும். ஹவாய்ல பெரிய பீச் ஹோட்டல் ஏறக்குறைய எல்லாமே ரிசார்ட் ஃபீன்னு தினமும் ஒரு தொகை போடுவாங்க, உங்க கேஸ்ல அது 50 டாலர்னு வச்சுக்கங்க. வைஃபை, லோக்கல் கால், யாரும் போகாத ஹூலா கிளாஸ்னு ஒரு லிஸ்ட் காமிப்பாங்க, வேணாம்னு சொல்ல முடியாது. ஆச்சா, இப்ப 450. அதுக்கு மேல வரி. 2026 ஜனவரி 1ல இருந்து மாநில ஹோட்டல் வரி 11 சதவீதம், முன்னாடி 10.25ஆ இருந்துச்சு, ஏத்திட்டாங்க. ஹொனொலுலு கவுன்ட்டி 3 சதவீதம். அது போக பொது வரின்னு 4.712. மொத்தம் கிட்டத்தட்ட 18.7 சதவீதம், அதுவும் ரிசார்ட் ஃபீக்கும் சேத்துத்தான். 450க்கு வரி 84 டாலர் சொச்சம். கூட்டிப் பாருங்க, 534 வருதா?

ஒரு நல்ல விஷயம், 2025 மே 12ல இருந்து அமெரிக்காவுல எஃப்.டி.சி (நுகர்வோரைப் பாதுகாக்கற மத்திய அரசு அமைப்பு) ரூல் ஒண்ணு அமலுக்கு வந்திருக்கு. கட்டாயமா கட்ட வேண்டிய ஃபீயை எல்லாம் சேத்துத்தான் முதல் ரேட்டையே காமிக்கணும். அரசாங்க வரியை மட்டும் கடைசில சேத்துக்கலாம். அதனால 400னு காமிச்சுட்டு பின்னாடி ரிசார்ட் ஃபீயை நுழைக்கற சைட்டா இருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, எஃப்.டி.சி சைட்லயே புகார் குடுக்கலாம். ரெண்டு ஹோட்டலை ஒப்பிடறப்ப எப்பவும் கடைசிப் பக்கம் வரைக்கும் போய் அந்த நம்பரை வச்சு ஒப்பிடுங்க.

கேள்வி: மேரியட் ஹோட்டல்ல தங்கினா குடுக்கற பாயின்ட் நிறைய சேந்து கிடக்கு. பாயின்ட்ல போட்டா ரிசார்ட் ஃபீ இருக்காதுல்ல?

பதில்: இருக்கும்! நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான். ஹில்டன்லயும் ஹையாட்லயும் முழுக்க பாயின்ட்ல புக் பண்ணா ரிசார்ட் ஃபீ போட மாட்டாங்க, மேரியட்ல ரூம் ஃப்ரீயா இருந்தாலும் ரிசார்ட் ஃபீ கட்டித்தான் ஆகணும். ஆனா மேரியட்ல வேற ஒரு லாபம் இருக்கு, பாயின்ட்ல ஒரே ஹோட்டல்ல தொடர்ந்து 5 நைட் போட்டா 4 நைட்டுக்குத்தான் பாயின்ட் கழிப்பாங்க. அதனால மேல டல்லாஸ்காரருக்கு சொன்ன மாதிரி பிரிச்சுத் தங்கற ஐடியா உங்களுக்கு ஒத்து வராது, அஞ்சையும் ஒரே இடத்துல போடுங்க. பாயின்ட்ல சாதாரண ரூம்தான் கிடைக்கும், கொஞ்சம் காசு சேத்துக் குடுத்தா நல்ல ரூம் மாத்தித் தருவீங்களான்னு போன் போட்டுக் கேளுங்க.

கேள்வி: ஓஷன் வியூவா ஓஷன் ஃப்ரன்ட்டா? விலை வித்தியாசம் ஒரு நைட்டுக்கு 100 டாலருக்கு மேல இருக்கே.

பதில்: ஃப்ரன்ட்னா ரூம் கடலுக்கு நேரா பாத்திருக்கும், எழுந்து கண்ணைத் திறந்தா தண்ணி. வியூன்னா கடல் தெரியும், அவ்ளோதான், பக்கவாட்டுல தெரியலாம், ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல தெரியலாம். பார்ஷியல்னு இருந்தா பால்கனி மூலைல நின்னு கழுத்தை வளைச்சுப் பாத்தா ஒரு துண்டு நீலம் தெரியும், அதுக்கு காசு குடுக்கறது தண்டம்னுதான் சொல்லுவேன். ஒண்ணு நேரா கடல், இல்லன்னா விலை கம்மியான சிட்டி வியூ இல்ல கார்டன் வியூ, நடுவுல இருக்கறது எதுவும் வேணாம். ராயல் ஹவாயன் பழைய கட்டடத்துல தோட்டத்தைப் பாத்த ரூமை மட்டும் யாரும் மதிக்கறதில்ல, எனக்கு அது புடிக்கும், தென்னை மரமும் நிழலுமா இருக்கும். ஹவாய் ராஜாக்கள் காலத்துல இருந்தே ஹெலுமோவா தென்னந்தோப்புன்னு பேர் வாங்கின இடம் அது.

இன்னொண்ணு, சில சைட்ல ரொம்ப சீப்பா ரன் ஆஃப் ஹவுஸ்னு ஒரு ரூம் இருக்கும். எந்த ரூம் மிச்சமோ அது உங்களுக்கு, எந்த விங்னு கேக்கற உரிமை உங்களுக்குக் கிடையாது. பழைய விங்குக்காகவே போறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. வேற சைட் வழியா புக் பண்ணா தேதி மாத்தறதுக்கும் கேன்சல் பண்றதுக்கும் அந்த சைட்டோடதான் மல்லுக்கட்டணும், ஹோட்டல் கவுன்ட்டர்ல அங்க கேளுங்கன்னு கையை விரிச்சுடுவாங்க. பத்து இருபது டாலர் வித்தியாசம்னா ஹோட்டல்லயே நேரா போட்டுடுங்க.

கேள்வி: அப்பா அம்மா கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்காங்க, சுத்த சைவம். நாங்க ரெண்டு பேர், பையன் ஒருத்தன். அஞ்சு பேரும் ஒரே ரூம்ல தங்கலாமா, அப்பாவோட இந்தியா டெபிட் கார்டை செக்-இன்ல குடுக்கலாமா, சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா அண்ணா?

பதில்: ஒரே மூச்சுல மூணு கேட்டுட்டீங்க. அஞ்சு பேருக்கு பழைய விங் ரூம் பத்தவே பத்தாது, நாலு பேர்தான் பொதுவா லிமிட், எக்ஸ்ட்ரா கட்டில் போட இடமும் இருக்காது. டவர்ல பக்கத்து பக்கத்து ரூமா ரெண்டு கேளுங்க, நடுவுல கதவு இருக்கற கனெக்டிங் ரூம் வேணும்னு சொல்லி மெயில்ல எழுதி வாங்கிக்கங்க.

டெபிட் கார்டு வேணவே வேணாம். செக்-இன்ல ரூம் வாடகை போக ஒவ்வொரு நைட்டுக்கும் இவ்ளோன்னு ஒரு தொகையை பிளாக் பண்ணி வைப்பாங்க, நீங்க மினிபார் தொடாட்டியும் வைப்பாங்க. கிரெடிட் கார்டுல அது லிமிட்டோட போயிடும். டெபிட்ல அப்பாவோட சொந்தக் காசு மாட்டிக்கும், செக்-அவுட் ஆகி பல நாள் கழிச்சுத்தான் திரும்பும். உங்க கிரெடிட் கார்டையே குடுங்க.

குக்கர்... ஆவி மேல போய் அலாரம் அடிச்சு மொத்த மாடியும் லாபில வந்து நிக்கணுமா? பெரும்பாலான ஹோட்டல்ல ரூம்ல சமைக்க விட மாட்டாங்க. சமையல் இல்லாம முடியாதுன்னா கிச்சன் உள்ள கான்டோ ஹோட்டல் வைகிகிலயே நிறைய இருக்கு, அதுல தங்கிட்டு மோவானாவுக்கு ஒரு சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. வைகிகியை விட்டுத் தள்ளி வீடு சீப்பா கிடைக்குதுன்னு விளம்பரம் வந்தா லைசன்ஸ் நம்பர் கேளுங்க, அங்க பெரும்பாலான ஏரியால 30 நாளுக்குக் கம்மியா வாடகைக்கு விடறது சட்டப்படி தப்பு. சைவத்துக்கு ஹொனொலுலுல டவுன் டு எர்த்னு முழுக்க சைவ கடை இருக்கு, சூடா சாப்பாடும் கிடைக்கும். தயிர், பழம், பிரெட்டுக்கு தெருவுக்குத் தெரு ஏபிசி ஸ்டோர்ஸ். அப்புறம் ஊர்ல இருந்து வந்த கறிவேப்பிலை, மாங்காய் எதையும் பைல ஒளிச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, ஹவாய் போற ஃப்ளைட்ல செடி, பழம் எது இருந்தாலும் டிக்ளேர் பண்ணணும், அந்த விஷயத்துல ரொம்ப கறார்.

கேள்வி: ஹோட்டல் விளம்பரத்துல பிரைவேட் பீச் மாதிரி காமிக்கறாங்களே, வெளியாள் வர முடியாதா?

பதில்: தாராளமா வரலாம். ஹவாய்ல அலை வந்து ஏறற எல்லை வரைக்கும் கடற்கரை பொதுச்சொத்து, யாரும் உங்களை எழுப்ப முடியாது. ஹோட்டல் போட்டிருக்கற குடைக்கும் சேருக்கும்தான் காசு, அது ஒரு நாள் வாடகைல நல்ல சாப்பாடே சாப்பிடலாம். ஏபிசில ஒரு பாய் வாங்கி விரிச்சுக்கங்க.

பீச்ஃப்ரன்ட்னு போட்டிருந்தா மணல் இருக்கும்னும் நினைச்சுடாதீங்க. ஷெரட்டனுக்கு முன்னாடி கடல் நேரா சுவத்துலதான் வந்து மோதும், ராயல் ஹவாயன் பக்கம் நடந்தாதான் மணல். அந்த மணலும் அரிச்சுக்கிட்டே போகுது, 2012லயும் 2021லயும் கடலுக்குள்ள இருந்து மணலை பம்ப் பண்ணி கொண்டு வந்து கொட்டுனாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி சமீபத்துல போனவங்க போட்ட போட்டோவைப் பாருங்க, ஹோட்டல் போட்டோவைப் பாக்காதீங்க. சன்ஸ்க்ரீன் வாங்கறப்ப ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததா பாருங்க, பவளப்பாறைக்கு கெடுதல்னு அதை 2021ல இருந்து அங்க விக்கறதே தடை.

கேள்வி: எந்த மாசம் சீப்? கார் எடுக்கணுமா?

பதில்: கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் கிட்டவே போகாதீங்க, ஸ்கூல் லீவு மாசமும் அப்படித்தான். செப்டம்பர்ல இருந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும், அப்புறம் ஏப்ரல் கடைசில இருந்து மே வரைக்கும் ரேட் இறங்கும், நடுவுல ஜப்பான்காரங்களோட கோல்டன் வீக் லீவு வரும், அதை மட்டும் பாத்துக்கங்க. கார் முழு ட்ரிப்புக்கும் வேணாம். பழைய ஹோட்டல்ல கார் நிறுத்தறதுக்கு நைட்டுக்கு வாங்கற காசு ரிசார்ட் ஃபீயோட போட்டி போடும். தீவோட வடக்குக் கரையான நார்த் ஷோர் போற அன்னைக்கு மட்டும் காலைல வைகிகிலயே வாடகைக்கு எடுத்து ராத்திரி திருப்பிக் குடுத்துடுங்க, மத்த நாளுக்கு பஸ் போதும். ஏர்போர்ட்ல இருந்து வர்றதுக்கு மட்டும் பஸ் வேணாம், பெரிய சூட்கேஸோட சிரமம்.