குவில்ட் உறைக்குள் டயரி நுழையவில்லையா?

சாட்ஸ்வர்த் சகோதரிக்கு வணக்கம். ஷ்வேஷ்வே (தென்னாப்பிரிக்காவின் அச்சுப் பருத்தித் துணி) துண்டுகளோடு அம்மாவின் பட்டுச் சேலை மிச்சத்தையும் சேர்த்து ஏ5 டயரிக்குக் குவில்ட் உறை, அதாவது நடுவில் பஞ்சு வைத்த உறை தைத்தீர்கள், அட்டை உள்ளே நுழையவில்லை, துவைத்ததும் இன்னும் சுருங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தையல் சரிதான். வேலையின் வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

புது ஷ்வேஷ்வேயில் கஞ்சி அதிகம். நனைந்தால் கஞ்சி போய்த் துணி சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பே ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

அப்புறம் அளவு. பஞ்சு விரிப்பு வைத்துத் தையல் ஓட்டும்போதே துணி உள்ளிழுத்துச் சிறுக்கும். சரியான அளவில் வெட்டிவிட்டுத் தைத்தால் கட்டாயம் குறையும். எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக விட்டு முதலில் தையல் ஓட்டுங்கள், பிறகு அளந்து வெட்டுங்கள். டயரியை மூடி வைத்து, முன் ஓரத்திலிருந்து முதுகைச் சுற்றிப் பின் ஓரம் வரை டேப்பால் அளக்க வேண்டும். விரித்து அளந்தால் முதுகின் தடிமன் விட்டுப்போகும். அந்த அளவோடு 1 செ.மீ. தளர்வு, தையலுக்கு இருபுறமும் 1 செ.மீ. உயரத்துக்கும் அப்படியே: 21 செ.மீ. டயரிக்கு 24. அட்டை நுழையும் மடிப்புகளில் பஞ்சு வேண்டாம், வெறும் துணி போதும்.

பட்டை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும். பின்னால் மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரியால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். ஆனால் அடிக்கடி துவைக்கப் போகும் உறையில் அம்மாவின் பட்டை நான் வைக்கமாட்டேன். அதற்குப் பருத்தியே போதும்.