கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லிக்கு மாற என்ன செய்ய வேண்டும்?

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) முதலாண்டு படிக்கும் நீங்கள், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களான பெர்க்லிக்கோ யூசிஎல்ஏவுக்கோ மாற வழி கேட்டிருக்கிறீர்கள். யூசி ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவு) முடித்தால் மூன்றாம் ஆண்டில் சேரத் தகுதி உண்டு. எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு யூசி பார்ப்பதே இல்லை.

பலர் கோட்டைவிடுவது எந்தப் பாடங்களை எடுப்பது என்பதில்தான். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 4.0 இருந்தாலும், பொறியியலுக்குத் தேவையான கணிதமும் இயற்பியலும் பாக்கி என்றால் பெர்க்லி கிடைப்பது கஷ்டம். உங்கள் காலேஜின் எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளம் காட்டும். அதை இந்த வாரமே பாருங்கள்.

அப்புறம், டேக் என்ற திட்டம்; நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் தர உத்தரவாதம் தருவது. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் அது கிடையாது. டேவிஸ், அர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்குச் செப்டம்பரில் டேக் விண்ணப்பம் போட்டுவையுங்கள். பெர்க்லிக்குத் தனியாக விண்ணப்பிக்க அது தடையில்லை.