ஆடுபவரைப் படமெடுக்க ஃபிளாஷை எங்கே வைப்பது?

மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன ஹால், தங்கையின் பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழுக்குப் படம், கையில் இரண்டு ஃபிளாஷ். ஆனாலும் உடம்பு தட்டையாக, கை கலங்கலாக விழுகிறது என்கிறீர்கள்.

முதலில் கேமரா தலையில் இருக்கும் ஃபிளாஷைக் கழற்றுங்கள். நேர் எதிரிலிருந்து அடிக்கும் ஒளி நிழலை அழித்துவிடும். நிழல் இல்லாமல் அரைமண்டியும் (முழங்கால் மடக்கிப் பாதி அமர்ந்த நிலை) எழும்பாது, உடையின் விசிறி மடிப்பும் தெரியாது. அந்த ஃபிளாஷை, ஒளியைப் பரப்பும் குடையோடு பக்கவாட்டில், ஆடுபவரின் தலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். இன்னொன்றைப் பின்னால் எதிர்மூலையில், குறைந்த சக்தியில். கறுப்புத் திரையில் பின்னல் கரைந்துபோகாமல் காப்பது அதுதான்.

கை கலங்குவதற்கு ஹால் ட்யூப்லைட்தான் காரணமாக இருக்கும். அதை அணைத்துவிட்டு ஷட்டரை 1/200 நொடிக்கு அருகில் வையுங்கள். இருட்டில் அசைவை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷ் மின்னும் நேரம். கேமராவில் மாட்டும் சின்ன ஃபிளாஷை 1/8, 1/16 சக்திக்குக் குறைத்தால் அந்த நேரமும் சுருங்கும். (பெரிய ஸ்டுடியோ விளக்குகள் சிலவற்றில் இது தலைகீழ். வாடகைக்கு எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.) குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிச் சரிக்கட்டலாம்.

விளக்கை ரொம்ப நெருக்க வேண்டாம். 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தால் ஒளி கால் பங்காகிவிடும். நாட்டடவில் (கை, கால் நீட்டி ஆடும் அடவு) விளக்குப் பக்கம் நீட்டிய கை வெளுத்து முகம் இருண்டுபோவது இதனால்தான். மூன்று மீட்டர் தள்ளி வைத்து, அவர் நிற்குமிடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள்.

நெற்றிச்சுட்டி கண்ணைப் பறித்தால் குடையை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், போதும்.