நுவார் படங்களை 'தி பிக் ஸ்லீப்'பில் தொடங்க வேண்டாம்

நுவார் எனப்படும் பழைய ஹாலிவுட்டின் இருண்ட பாணிக் குற்றப் படங்களில் முதலாவதாக 'தி பிக் ஸ்லீப்' (1946) பார்த்தேன், யார் யாரைக் கொன்றார்கள் என்றே புரியவில்லை, படமும் ஒரே இருட்டு, பாதியில் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். புரியாததில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படக்குழு கேட்டபோது, நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே பதில் தெரியவில்லையாம்! நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டும் நடிகை லாரன் பக்காலும் வார்த்தையால் மோதிக்கொள்வதற்காகப் பார்க்க வேண்டிய படம் அது. பிறகு திரும்பி வாருங்கள்.

முதலில் பில்லி வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) பாருங்கள். கொலை செய்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்தேன், இரண்டுமே கிடைக்கவில்லை என்கிறான். ஆகவே 'யார்' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எப்படிச் சிக்கினான் என்பதுதான் படம். என்னைக் கேட்டால், சந்தேகப் பிராணியாக வரும் எட்வர்ட் ஜி. ராபின்சன்தான் அதில் ஹீரோ. அந்தப் பெண்ணாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

நேரமில்லையா? 'டீடூர்' (1945) எழுபது நிமிடம்கூட ஓடாது.

இருட்டு பாதி வேண்டுமென்றே செய்தது. ஜன்னல் பட்டைகள் வழியே சுவரில் விழும் கோடுகளைக் கவனியுங்கள். மீதி உங்கள் டிவியின் வேலையாக இருக்கலாம். 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' மோடுக்கு மாற்றி, அறை விளக்கை அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் இழுத்து நிரப்பாதீர்கள். படம் எடுத்த அளவே அதுதான்.